பச்சை மலையும் பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீரும்

மஸ்கட்டுக்குப் புதுசா வேலைக்குப் போயிருக்கிற நண்பர் ஒருத்தர் போன வாரம் போன்ல கேட்டார். "ஜபல் அக்தர்ல ரோஜா பூக்குற சமயம் வருதாம். பசங்களைக் கூட்டிட்டு ரெண்டு நாள் போயிட்டு வரலாம்னு இருக்கோம். நீங்கதான் அங்க குப்பை கொட்டினவராச்சே, எங்க தங்கலாம், என்ன பாக்கலாம்னு சொல்லுங்க."

"அப்புறம் சொல்றேன்"னு வச்சிட்டேன். சொல்ல விஷயம் இல்லாம இல்லை. சொல்ல ஆரம்பிச்சா 2007-ல இருந்து ஆரம்பிக்கணும். அதைச் சொன்னா 1959-ஐச் சொல்லணும். அதுக்குப் பின்னாடி சுலைமான் நபி கதை வேற இருக்கு. போன்ல முடியிற காரியமா? அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல 2007. அந்த வருஷம் அக்டோபர்ல நோன்புப் பெருநாள் லீவு. ரெண்டு வண்டி, ஒன்பது பேர், ரெண்டு பெரிய டப்பா பிரியாணி. மஸ்கட்டிலிருந்து நிஸ்வா போகும் சாலையில் பிர்கத் அல் மவுஸ் என்ற ஊரில் திரும்பினால் மலை ஆரம்பம். ('வாழைக் குளம்' என்று அர்த்தம். பாலைவனத்தில் வாழை! பேரே ஒரு கதை சொல்லுது பாருங்க.) அடிவாரத்தில் போலீஸ் சாவடி. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா என்று பார்த்துத்தான் மேலே விடுவார்கள். இன்றைக்கும் அப்படித்தான்.

மேலே ஏறினால் சைக் பீடபூமி, சுமார் 2,000 மீட்டர் உயரம். கீழே வெயில் மண்டையைப் பிளக்கும்போது இங்கே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ளத் தோணும். குளிர்காலத்தில் சில இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழேயே போகும். பச்சை மலை என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர, கண்ணுக்கு எட்டின வரை மொட்டைப் பாறைதான். பீடபூமி சட்டென்று அறுந்து விழும் விளிம்பில் மட்டும் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக வயல்கள், மாதுளை மரங்கள், அதுக்கு மேலே கல் வீடுகள். அல் அக்ர், அல் ஐன், அஷ் ஷிரைஜா என்று வரிசையாக மூணு கிராமம்.

ஷிரைஜாவில் ஒரு மாதுளை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பக்கத்தில் ஒரு முழ அகலத்தில் சிமெண்ட் வாய்க்கால், கண்ணாடி மாதிரி தண்ணீர். சாப்பிட்டு முடிச்சதும் எங்க ஆள் ஒருத்தன் பிரியாணி டப்பாவை அதிலேயே கழுவ ஆரம்பிச்சான். நான் காலை விட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். என்ன சுகம்!

மேல் வயலில் இருந்து ஒரு பெரியவர் கைத்தடியோட இறங்கி வந்தார். கத்தப் போறார்னு நெனச்சோம். கத்தலை. அரபியும் இந்தியும் கலந்த ஒரு பாஷையில் பொறுமையா சொன்னார்: "இப்போ இதுல ஓடுறது என் தண்ணி இல்லை. பக்கத்து வீட்டுக்காரரோட நேரம் இது. அவரோட நேரத்துல நீங்க அழுக்கு கரைக்கிறீங்க."

தண்ணியில அழுக்கு புரியுது. நேரத்துல எப்படி அழுக்கு கரைக்கிறது? அன்னிக்குப் புரியலை. டப்பாவை எடுத்துட்டோம், காலையும் எடுத்துட்டேன். அவர் மரத்தில் இருந்து நாலு மாதுளை பறிச்சுக் கையில் கொடுத்துட்டுப் போனார். அந்த மாதுளைதான் ரொம்ப உறுத்துச்சு.

அதுக்கப்புறம்தான் இந்த வாய்க்கால்களைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன்.

ஃபலஜ்

அந்த வாய்க்காலுக்குப் பேர் ஃபலஜ். 'பிரித்தல், பங்கிடுதல்' என்ற அர்த்தமுள்ள வேர்ச்சொல்லில் இருந்து வந்தது. பேரிலேயே பங்கு இருக்கு. நிலத்தடியில் இருந்தோ ஊற்றில் இருந்தோ தண்ணீரைச் சரிவு பார்த்து, மோட்டார் எதுவும் இல்லாமல், பல கிலோமீட்டர்கூடக் கொண்டுவருகிற ஏற்பாடு. ஓமானில் இன்னும் ஏறக்குறைய 3,000 ஃபலஜ்கள் ஓடிக்கொண்டிருப்பதாக யுனெஸ்கோ சொல்கிறது. 2006-ல் அதில் ஐந்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தார்கள். ஐந்தில் ஒன்று, மலை அடிவாரத்தில் அந்தப் பிர்கத் அல் மவுஸ் ஊருக்குள்ளேயே ஓடும் ஃபலஜ் அல் கத்மைன்.

ஊர்க்காரர்களைக் கேட்டால் வேற கதை சொல்வார்கள். சுலைமான் நபி பறக்கும் கம்பளத்தில் இந்தப் பக்கம் வந்தாராம். தண்ணியில்லாம ஜனங்க தவிக்கிறதைப் பார்த்து, தன் ஜின்களிடம் ஒரு நாளைக்கு ஆயிரம் வீதம் பத்து நாள் வாய்க்கால் வெட்டச் சொன்னாராம். தாவூதின் மகன் வெட்ட வைத்தது என்பதால் நிலத்தடியில் சுரங்கமாக வரும் வகைக்கு 'தாவூதி' என்றே பேர்.

வெட்டியது ஜின்னோ மனுஷனோ, பங்கு போட்டதுதான் பெரிய மூளை. தண்ணீரை லிட்டரில் அளப்பதில்லை, நேரத்தில் அளப்பார்கள். ஒரு 'அதர்' என்பது சுமாராக அரை மணி நேரம். ஒருத்தருக்கு ரெண்டு அதர், இன்னொருத்தருக்கு அரை அதர், பள்ளிவாசலுக்கு இத்தனை என்று பரம்பரையாகப் பங்கு. பகலில் நட்டு வைத்த குச்சியின் நிழலைப் பார்த்தும், ராத்திரியில் நட்சத்திரம் எழுவதைப் பார்த்தும் முறை மாத்துவார்கள். சில பங்குகளை ஏலம் விட்டு, அந்தக் காசில் வாய்க்காலைப் பழுது பார்ப்பார்கள். வரிசையும் உண்டு. ஊருக்குள் நுழையும் இடத்தில் குடிக்க. அதுக்குக் கீழே பள்ளிவாசல், குளியல். கடைசியில்தான் வயல். தலைமாட்டுல இருக்கிறவன் நெனச்சபடி மடையைத் திறக்க முடியாது.

நம்ம ஊர் ஏரிப் பாசனத்துல நீர்க்கட்டி முறை வச்சுத் தண்ணி விடுவாரில்லையா, அதே வேலை. கடிகாரம் மட்டும் வானத்துல.

இப்ப அந்தப் பெரியவர் சொன்னது புரியுதா? அந்த அரை மணி நேரம் இன்னொருத்தருடைய சொத்து. அதுலதான் நான் காலை விட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மேலே ஏறியவர்கள்

நாங்கதான் முதல் வெளியாட்கள் என்றில்லை. 1830-களில் பம்பாயைத் தளமாகக் கொண்ட இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் வெல்ஸ்டெட் என்பவர் இந்த மலைக்குப் போயிருக்கிறார். படிப்படியான வயல்கள், திராட்சைக் கொடிகள், மாதுளை எல்லாவற்றையும் 1838-ல் வந்த தன் பயணப் புத்தகத்தில் எழுதினார். மலைவாசிகளான பனூ ரியாம் குலத்தார் திராட்சையில் மது செய்து குடிப்பதையும் எழுதிவிட்டார்!

நூறு வருஷம் கழித்து, வெறுங்காலோடு பாலைவனத்தையே கடந்த தெசிஜர் 1950-ல் இந்த மலையில் ஏற ஆசைப்பட்டார். ஓமானின் உள்நாடு அப்போது இமாமின் ஆட்சியில் இருந்தது. கடற்கரை சுல்தானுக்கு, உள்நாடு இமாமுக்கு என்று 1920-ல் சீப் என்ற ஊரில் போட்ட ஒப்பந்தம். இமாம் தரப்பில் அனுமதி கிடைக்கவில்லை. அரேபியாவையே சுற்றிய மனுஷன், இந்த மலையைக் கீழே இருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அப்புறம் வந்தவர்கள் அனுமதி கேட்கவில்லை.

1957 முதல் 1959 வரை

1950-களில் உள்நாட்டில் எண்ணெய் தேட ஆரம்பித்தார்கள். அதுவரை மணலும் பாறையுமாகக் கிடந்த இடத்துக்கு திடீர் மவுசு. 1955 டிசம்பரில் சுல்தான் சயீத் பின் தைமூரின் படை, இமாமின் தலைநகரான நிஸ்வாவைப் பிடித்தது. 1957-ல் இமாம் காலிப், அவர் தம்பி தாலிப், மலையின் தலைவர் சுலைமான் பின் ஹிம்யார் மூணு பேரும் சேர்ந்து கிளர்ச்சி செய்தார்கள். சுல்தான் பிரிட்டனிடம் உதவி கேட்டார். தரையில் தோற்ற கிளர்ச்சிக்காரர்கள் ஜபல் அக்தர் மேலே ஏறிக்கொண்டார்கள். செங்குத்துப் பாதைகள், ஒவ்வொன்றையும் நாலு பேர் உட்கார்ந்து காக்கலாம். ஏறிப் பிடித்தவர்கள் பல நூற்றாண்டுக்கு முன் வந்த பாரசீகர்கள்தான் என்று ராணுவப் புத்தகங்கள் எழுதும்.

ஏற முடியாத மலை மேல் விமானம் பறக்கும். பிரிட்டிஷ் விமானப்படை குண்டு போட்டது. மலை மேல் சைக், கீழே பிர்கத் அல் மவுஸ், தனூஃப். சுலைமானின் ஊரான தனூஃப் தரைமட்டமானது. கிராமங்களின் வாய்க்கால்களும் குண்டுக்குத் தப்பவில்லை. ஃபலஜ் உடைந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. வயல் காயும், மரம் பட்டுப்போகும், ஊர் தானாக இறங்கி வரும் என்பதுதான் திட்டம்.

கடைசியில் 1959 ஜனவரி 26-ஆம் தேதி ராத்திரி எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படையினர் ஏறினார்கள். இதில் ஒரு கழுதைக் கதை உண்டு. சுமை தூக்க சோமாலியாவில் இருந்து கழுதைகள் கொண்டுவந்தார்கள். இந்த மலைக்கு அவை ரொம்பப் பொடிசு, சரிப்படவில்லை. ஆனால் கழுதைக்காரர்களிடம் "யாருக்கும் சொல்லாதே, தனூஃப் வழியாத்தான் ஏறப்போறோம்" என்று ரகசியமாகச் சொல்லி வைத்தார்கள். ரகசியம் எதிர்பார்த்தபடியே மேலே போய்ச் சேர்ந்தது. காவல் தனூஃப் பக்கம் திரும்ப, படை வேற பக்கம் ஏறிவிட்டது. விடியும்போது மலை விழுந்துவிட்டது. தலைவர்கள் சவூதிக்குத் தப்பிவிட்டார்கள். கிராமத்து ஜனங்கள் குகைகளில் இருந்து இடிந்த வீடுகளுக்கும் காய்ந்த வயல்களுக்கும் திரும்பினார்கள்.

எஸ்.ஏ.எஸ். பற்றிய புத்தகங்களில் இது ஒரு சாகச அத்தியாயம். கிராமத்தின் பக்கம் இருந்து எழுதின அத்தியாயத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. தனூஃப் இடிபாடு நிஸ்வாவில் இருந்து கூப்பிடு தூரம்தான். வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. ஓமான் கடைகளில் விற்கும் ஒரு பாட்டில் தண்ணீருக்கும் தனூஃப் என்றுதான் பேர். மூணு வருஷம் அந்தத் தண்ணியைக் குடிச்சிருக்கேன், அது குண்டு விழுந்த ஒரு ஊரின் பேர் என்று தெரியாமலே.

மூடியும் திறந்தும்

போருக்குப் பிறகு சைக்கில் ராணுவ முகாம் வந்தது. மலை ராணுவப் பகுதி ஆனது. வெளியாட்களுக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் வழியில்லை. 2000-களின் நடுவில்தான் கட்டுப்பாடு தளர்ந்து, தார்ச்சாலையும் வந்தது. நாங்க 2007-ல் போனபோது சாலை புத்தம் புதுசு. ஏறத்தாழ 45 வருஷம் பூட்டியிருந்த வீட்டில், பூட்டு திறந்த கையோட பிரியாணி டப்பாவோடு நுழைஞ்சவங்க நாங்க.

பூட்டியிருந்ததால் கிராமம் அப்படியே இருந்தது என்று சொன்னால் அது தப்பு. 1970-ல் சுல்தான் காபூஸ் வரும்போது நாடு முழுவதும் தார்ச்சாலையே பத்து கிலோமீட்டர்தான், பள்ளிக்கூடம் மூணுதான் என்பார்கள். அப்புறம் எண்ணெய்க் காசில் பள்ளி, ஆஸ்பத்திரி, போலீஸ் வேலை, ராணுவ வேலை எல்லாம் வந்தது. இளவட்டங்கள் சம்பளத்துக்கு இறங்கிப் போனார்கள். யார் அவர்களைக் குறை சொல்ல முடியும்? ஊரைவிட்டு வேலைக்குப் போனதைப் பத்தி, ஊரைவிட்டு வேலைக்குப் போன நான் பேசலாமா? வாதி பனீ ஹபீப் என்ற கிராமத்தைக் காலி செய்து, ஜனங்கள் மேலே புது வீடுகளுக்கு மாறினார்கள். பள்ளத்தாக்கின் பழைய வீடுகள் இன்னிக்கு ஆளில்லாத காட்சிப்பொருள். அதாவது, டூரிஸ்டுகள் வரும் முன்னாடியே கிராமம் இளைச்சுப்போச்சு. பழியை முழுசா சுற்றுலா மேல போடுறது நியாயமில்லை.

ஆனா சுற்றுலா வந்த விதம் இருக்கே, அங்கதான் எனக்கு உறுத்தல்.

1986 நவம்பரில் இளவரசி டயானா இந்த மலைக்கு வந்து ஒரு பாறை விளிம்பில் நின்று பார்த்தார். அதனால் அந்த இடத்துக்கே 'டயானா முனை' என்று பேர். இப்போது அது 2016-ல் திறந்த ஐந்து நட்சத்திர விடுதியான அனந்தாராவுக்குள் இருக்கிறது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அலிலா விடுதி. ரெண்டிலும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நீச்சல் குளம் உண்டு. அந்தக் குளத்துத் தண்ணி ஃபலஜில் இருந்து எடுத்தது என்று நான் சொல்ல வரலை. நான் சொல்றது வேற. அரை மணி நேரத் தண்ணிக்கு நட்சத்திரம் பார்த்த ஊரின் மேல், வேடிக்கை பார்க்க ஒரு குளம்.

தண்ணி விஷயத்தில் நிஜமான கவலையும் உண்டு. இந்த மலையில் வருஷத்துக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழை, அதுவும் நிச்சயமில்லை. பீடபூமியில் பெய்யும் மழை பாறைக்குள் இறங்கி, விளிம்பில் ஊற்றாக வருவதுதான் இந்த மூணு கிராமத்துக்கும் உயிர். ஊற்றுக்கு மேலே சைஹ் கத்தனா என்ற புது ஊர் வளர்ந்துகொண்டே போகிறது. வீடு, கடை, ரோடு. மண்ணை மூடினால் மழை உள்ளே இறங்காது. வீட்டுக் குழாய்க்கு எடுத்தால் வயலுக்குக் குறையும். 2000-களிலேயே இங்கே வேலை செய்த ஜெர்மன் ஆய்வாளர்கள் இதை எழுதிவிட்டார்கள். வறட்சி வந்தால் விவசாயிகள் தானியம், பூண்டு போடும் வயல்களைத் தரிசாக விட்டு, மரத்துக்கு மட்டும் தண்ணி காட்டுவார்கள். இன்னொரு பக்கம் குளிரும் குறைகிறது. பீச், ஆப்ரிகாட், வாதுமை மாதிரி மரங்களுக்குக் குளிர்காலத்தில் இத்தனை மணி நேரம் குளிர் வேணும், இல்லைன்னா காய்ப்பு படுத்துவிடும்.

மறுபடியும் ஷிரைஜா

2023 ஏப்ரலில் ஒரு வேலையா மஸ்கட் போனப்ப, ஒரு நாள் ஒதுக்கி மலை ஏறினேன். சரியாக ரோஜா காலம். மார்ச் கடைசியில் ஆரம்பித்து மே வரை பூக்கும். விடியலில் பறித்து, மண் அடுப்பில் பதித்த சட்டிகளில் இதழைப் போட்டு, மேலே குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து ஆவி பிடிப்பார்கள். அப்படி இறங்கும் பன்னீரில் லேசாகப் புகை வாசம் இருக்கும், நிறமும் கொஞ்சம் பழுப்பு. முதல் தடவை குடிச்சா, காப்பி தீஞ்சுபோச்சோன்னு தோணும். பழகினா கடைப் பன்னீர் பிடிக்காது. இப்போ பல வீடுகளில் எவர்சில்வர் இயந்திரம். அதில் புகையும் இல்லை, வாசத்தில் பாதியும் இல்லை.

வயல் வரப்பில் வரிசையாக ஜனம். பூவைப் பிடித்து இழுத்து போட்டோ. ஒரு குழந்தை ஃபலஜில் சிப்ஸ் பாக்கெட்டைப் படகு விட்டது. அதட்ட வாயெடுத்தேன். நமக்கு அந்த யோக்கியதை இருக்கான்னு யோசிச்சு மூடிக்கிட்டேன். பாக்கெட்டை மட்டும் எடுத்துப் பையில போட்டேன்.

பழைய மாதுளை மரத்தடியைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆச்சு. மேல் அடுக்கு ரெண்டும் தரிசு. மடையைத் திருப்பிக்கிட்டு இருந்தவர் ஒரு வங்காளதேசத்துத் தொழிலாளி. பெரியவரைப் பத்திக் கேட்டேன். ஆறு வருஷம் ஆச்சு என்று கையை மேலே காட்டினார். மகன்கள் மஸ்கட்டில், வெள்ளிக்கிழமை வருவார்களாம்.

"யார் நேரம் இப்போ?"ன்னு இந்தியில் கேட்டேன். அவர் சட்டைப் பையில் இருந்து மொபைலை எடுத்துப் பார்த்துட்டு, பட்டென்று பதில் சொன்னார், இன்னார் வீட்டு நேரம், இன்னும் பத்து நிமிஷம் என்று. நட்சத்திரம் போய் மொபைல் வந்தாச்சு. ஊர்க்காரர் போய் வெளிநாட்டார் வந்தாச்சு. ஆனா பங்கு அப்படியே இருக்கு! ஏனோ அந்த இடத்துல கண் கலங்கிருச்சு.

எனக்குப் பட்டது இதுதான். சுற்றுலாவும் ஒரு வாய்க்கால் மாதிரிதான். காசு ஓடி வருது. ஃபலஜில் முதல் மடை ஊர் ஜனம் குடிக்க. இந்த வாய்க்காலில் முதல் மடை விமானக் கம்பெனிக்கு, அடுத்தது பெரிய விடுதிக்கு, அடுத்தது வாடகை வண்டிக்கு. கிராமம் கடைமடை. ஒரு பாட்டில் பன்னீர், ஒரு கிலோ மாதுளை. வயலையும் வாய்க்காலையும் காப்பாத்துறவங்களுக்கு அதில் அதர் இல்லை. மதில் இடிஞ்சா கட்டுறது யாரு? காட்சியே அந்த மதில்தானே!

வேற மாதிரியும் நடக்கும். அதே மலைத்தொடரில் அல் ஹம்ராவுக்கு மேலே மிஸ்ஃபாத் அல் அப்ரியீன் என்ற கிராமம். மண் வீடுகள், பேரீச்சை, நடுவே ஃபலஜ். அங்கே ஊர்க்காரர்களே தங்கள் பழைய வீடுகளைப் பழுது பார்த்து விருந்தினர் விடுதி ஆக்கினார்கள். சாப்பாடும் அந்த வீட்டுச் சாப்பாடு. 2021-ல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு சிறந்த சுற்றுலா கிராமங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. அங்கேயும் கூட்டம், தண்ணிக் கவலை எல்லாம் உண்டு. ஆனா தங்குறவன் கொடுக்கிற காசு அந்தத் தெருவுலயே முதல் மடை பாயுது.

ஆக நண்பரே, உங்க கேள்விக்குப் பதில்: தாராளமா போங்க. ஊர்க்காரர் நடத்தும் வீட்டில் தங்குங்க. பன்னீரை அடுப்பு எரியும் வீட்டிலேயே வாங்குங்க, விலை பேசாதீங்க. வரப்பில் ஏறாதீங்க, பூவைப் பறிக்காதீங்க. பசங்களுக்கு அந்த வாய்க்காலைக் காட்டி, இது தண்ணி மட்டும் இல்லை, ஒருத்தரோட நேரம்னு சொல்லுங்க. அவங்களுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரியும்.

அப்புறம், தயவுசெய்து பிரியாணி டப்பாவை வீட்டுக்கு வந்து கழுவுங்க :-)

பி.கு: அந்த நாலு மாதுளையில் ரெண்டை வண்டியிலேயே முடிச்சிட்டாங்க. ஒண்ணு எனக்குக் கிடைச்சது. கடையில் வாங்குற மாதிரி பளபளப்பு இல்லை, தோல் வெடிச்சிருந்தது. அந்த ருசி மட்டும் இன்னும் நாக்குல இருக்கு.